மாலையோடு இறங்கி வந்தவர்கள்

எங்கள் ஊருக்கு வழி சொல்வது கொஞ்சம் கஷ்டம். பதுளையில் பஸ் ஏறி "பாலத்தடி" என்று டிக்கெட் கேட்டால், "எந்தப் பாலத்தடி?" என்று கண்டக்டர் எரிந்து விழுவார். அவர் மேலும் தப்பில்லை, வழியெல்லாம் பாலம்தானே. "கடை இல்லாத பாலம்" என்று சொல்ல வேண்டும். இறங்கி, ஓயாவை, அதுதான் எங்கள் ஆற்றை, இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, மானாப்புல்லை விலக்கி விலக்கி நடந்தால் ஆறு ஓரிடத்தில் சட்டென்று முழங்கை மாதிரி மடங்கும். அந்த மடிப்புக்குள் கொஞ்சம் சமதரை. தலைக்கு மேலே தேயிலை மலை, அக்கரையில் சிங்கள ஊர்க்காரர்களின் வயல், நடுவில் நாங்கள்.

ஊர் என்று நான்தான் பெருமைக்குச் சொல்கிறேன். ஒரு சத்தம் போட்டால் எல்லா வீட்டு ஆட்களும் வெளியே வந்துவிடுவார்கள், அவ்வளவுதான் ஊர். மேலே வெலிமடைப் பக்கம் பெருமழை பிடித்தால் மரக்கறித் தோட்டங்களில் வெள்ளம் புகுந்து, கரட்டும் லீக்ஸும் மிதந்து வந்து எங்கள் மடிப்பில் ஒதுங்கும். யாரோ ஒரு விவசாயி வயிறெரிந்து நிற்க, நாம் சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு கரட் பொறுக்குவதா என்று மனசு உறுத்தும். உறுத்திக்கொண்டே பொறுக்குவோம்.

நான் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் பிறந்தவள். லயம் என்றால் ஒரே கூரை, வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், முன்னால் திண்ணை மாதிரி நீளமாக ஓர் இஸ்தோப்பு. இந்தக் காம்பராவில் ஒருவர் தும்மினால் அடுத்த காம்பராவிலிருந்து "நூறு" என்பார்கள். புருசன் பெண்சாதி சண்டை என்றால் லயமே தீர்ப்புச் சொல்லும். எனக்கு அது அறவே பிடிக்காது. வாக்கப்பட்டால் தனி வீட்டுக்குத்தான் போவேன் என்று சின்ன வயதிலிருந்தே சாமியிடம் நேர்ந்துகொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் சித்தி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். "பையன் மேசன் வேலை. ஆத்தோரம் சொந்த வீடுடி. தோட்டத்துக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. தொர பங்களா நாய் கொலைச்சாகூட நீ திரும்பிப் பாக்க வேண்டியதில்ல" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்றங்கரை, தனி வீடு, வாசலில் ரோஜாச் செடி என்று மனசுக்குள் கட்டிக்கொண்டே போனேன். பெண் பார்க்க வந்தபோது பையனின் அப்பா மட்டும் வரவில்லை. "அவருக்கு பஸ் ஒத்துக்காது, வாந்தி வரும்" என்றார்கள். எங்கப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. அதற்கும் அதே வாந்தி.

கல்யாணம் முடிந்து பாலத்தடியில் இறங்கி, புதுச்சேலையோடு மானாப்புல்லுக்குள் நடந்து, ஆற்று மடிப்புக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். என் முன்னால் நின்றது ஒரு லயம்.

"என்னங்க இது?"

"வீடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"இது லயங்க."

"லயம் மாதிரி" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், சண்டைக்குப் பிடி கொடுக்க மாட்டார்.

தோட்டம் கட்டிய லயம் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும். இது ஆற்றோடு சேர்ந்து வளைந்திருந்தது. ஒரு வீட்டின் தரை உயரம், அடுத்தது பள்ளம். ஒரு கூரைத் தகரம் அடுத்த கூரைக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டி, எல்லா வாசலும் ஒரே பக்கம் பார்த்து நின்றது. தோட்டமே இல்லாத இடத்தில் எதற்கடா லயம்? சுற்றிலும் இவ்வளவு இடம் கிடக்கிறது, தள்ளித் தள்ளிக் கட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? அன்று ராத்திரி பக்கத்து வீட்டுச் சித்தப்பா இருமியது என் காதுக்குள்ளேயே கேட்டது. லயத்திலிருந்து தப்பித்து லயத்துக்கே வந்து சேர்ந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வந்த புதிதில் எனக்கு வாய் சும்மா இருக்காது. எல்லாரிடமும் கேட்டேன். மாமியார், "வந்தோம், இருக்கோம். நீ வெங்காயத்த உரி" என்றார். பக்கத்து வீட்டுச் சித்தியோ, "வெள்ளத்துல ஒதுங்கினோம்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். கடைசி வீட்டுத் தாத்தா, "தொர குடுத்த எடம்" என்று சொன்னார். எந்தத் துரை என்று கேட்டால் அவருக்குக் காது கேட்காமல் போய்விடும். என் வீட்டுக்காரருக்கு இங்கே வந்தபோது விவரம் தெரியாத வயசு. "தெரியாது புள்ள, அப்பாவக் கேளு" என்பார்.

அப்பாவைக் கேட்பதா? மாமா வாய் திறந்து பேசுவதே அபூர்வம். ஒல்லியான மனுசர். ஆற்றோரம் பயற்றங்காயும் பாகற்காயும் போட்டு அக்கரை ஊரில் விற்பார். மரப்பாலத்தில் அக்கரைக்குப் போவார், வருவார். பெரிய பாலத்தடியைத் தாண்டி அவர் போய் நான் பார்த்ததில்லை. பதுளைத் தேருக்கு ஊரே கிளம்பினாலும் அவர் மட்டும் வீட்டில் இருப்பார். ஓட்டுப் போடும் நாளில் அவருக்கு முழங்கால் வலி வரும். வடக்கில் சண்டை நடந்த அந்த நாட்களில் பஸ்ஸை நிறுத்தி ஐடென்டிகார்ட் பார்ப்பார்கள். காக்கிச் சட்டை யாராவது எங்கள் பாதையில் வந்தால் மாமா பயற்றங் கொடிக்குள் போய்க் குனிந்துகொள்வார். பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் மலையில் பயப்படாத மனுசர் அப்போது யார் இருந்தார்கள்?

வருடங்கள் ஓடின. நான் மேலே தோட்டத்தில் முன்பள்ளி டீச்சர் ஆனேன். மகளும் மகனும் பிறந்தார்கள். என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் பூசிய கைக்கு மிச்சமான சிமெந்தைக் கொண்டுவந்து எங்கள் தரைக்குப் போட்டார். பின்னால் ஒரு அறை இறக்கினோம். வாசலில் ரோஜாவும் வைத்தேன். லயமோ என்னவோ, என்னுடையதாகிவிட்டது. கதவைச் சாத்தினால் யாரும் வந்து தட்டி "பெரட்டுக்கு வா" என்று வேலைக்குக் கூப்பிட முடியாத வீடு. அந்த நிம்மதி லயத்தில் பிறந்தவளுக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலத்தில், சர்வேயர் ஒருவர் சங்கிலியும் கம்பும் தூக்கிய ஆட்களோடு வந்தார். நான் முன்பள்ளியில் இருந்தேன். ஆம்பளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருந்த பெரியவர்களைத்தான் அவர் கேட்டிருக்கிறார். இது என்ன இடம்? "லயங்க ஐயா." எந்தத் தோட்டம்? மலையைக் கைகாட்டி, "இதுதாங்க. கீழ இருக்கிற பணிய லயத்து ஆளுங்க நாங்க." யார் கட்டியது? "தோட்டந்தாங்க." ஒருவர் பாக்கி இல்லாமல் ஒரே பதில், சொல்லி வைத்தமாதிரி. சர்வேயருக்கு வேலை சுலபமாகிவிட்டது. இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் வந்து கேட்டபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "ஏன் அத்த, நம்மதானே கட்டினோம்? தோட்டம் எங்க வந்து கட்டிச்சு?" என்றேன். மாமியார் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "எப்பயும் சொல்றதத்தான் சொன்னோம்" என்றார்.

அதன் வினை கொஞ்ச நாளில் தெரிந்தது. ஆற்று மடிப்பில் தண்ணீரை மறித்து சின்னதாக மின்சார நிலையம் ஒன்று கட்டப் போகிறார்களாம். எங்கள் சமதரைதான் அதற்குத் தோதான இடமாம். சொந்தமாகக் குடியேறி வீடு கட்டி இவ்வளவு காலம் இருந்தவர்கள் என்றால் லேசில் எழுப்ப முடியாது. நிலையத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். ஆனால் தோட்டத்து லயம் என்றால் ஒரு சிக்கலும் இல்லை. மேலே மலையில் ஒரு பழைய லயம் காலியாகக் கிடக்கிறது, ஜனத்தை அங்கே ஏற்றிவிட்டால் முடிந்தது. கிராம சேவகர் வந்து இதைச் சொல்லிவிட்டு, "நீங்களே லயம்னுதானே சொல்லியிருக்கீங்க" என்றார்.

அந்தக் காலி லயம் எனக்குத் தெரியும். முன்பள்ளிக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. கூரை ஓட்டை, சுவரெல்லாம் ஈரம், ஆடு கட்டுகிறார்கள். என் மகள் அங்கே போய் அடுத்த காம்பராக்காரன் தும்மலுக்கு நூறு சொல்லி வளரவா நான் இவ்வளவு பாடுபட்டேன்? நான் கத்திய கத்தலில் அக்கரைக்காரர்கள் வயலில் நிமிர்ந்து பார்த்தார்கள். காணி விசயம் பார்க்கிற அதிகாரி அம்மா ஒருவர் கச்சேரி ஆபீசில் இருக்கிறார், தமிழ்க்காரர், நியாயமானவர் என்று கேள்விப்பட்டு, நானே பதுளைக்குப் போய்க் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "சரி, நான் ஒருக்கா வந்து பாக்கிறன். பெரியாக்களை நிக்கச் சொல்லுங்கோ" என்றார், யாழ்ப்பாணப் பேச்சில்.

அந்தச் செய்தியோடு நான் வந்ததும் பெரியவர்கள் எல்லார் முகமும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதிகாரி வருகிறார், உண்மையைச் சொன்னால் வீடு தப்பும். இதில் என்ன பயம்?

மறுநாள் நான் ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தேன். மாமா வந்து பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். அவர் அப்படி வந்து உட்காருகிறவரே இல்லை.

"ஏம்மா, அந்த அம்மாகிட்ட உண்மையச் சொல்லித்தான் ஆகணுமா?"

"ஆமா மாமா. நம்ம கட்டின வீடுன்னு சொல்லுங்க, போதும்."

"ஏன் இங்க வந்து கட்டினீங்கன்னு கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்கதான்."

"அதுதாம்மா சொல்ல முடியாது." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாங்க இந்தியாவுக்குப் போறதுக்கு எழுதிக் குடுத்தவங்க."

என் கையிலிருந்த சேலை ஆற்றோடு போகப் பார்த்தது. இழுத்துப் பிடித்தேன்.

மாமா சொல்லச் சொல்லக் கேட்டேன். தோட்டத்து ஆட்கள் பலருக்கு இந்த நாட்டுப் பிரசாவுரிமை, குடியுரிமை, இல்லாத காலம் அது. பஞ்ச காலத்துக்குப் பிறகு மேலே தோட்டத்தில் நிறையப் பேர் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கடைசியாக இவர்கள் முறை வந்தது. பெரட்டிலிருந்து பேரை வெட்டினார்கள். காம்பராவை ஒப்படைத்தார்கள். அன்றைக்கே வேறு குடும்பம் பானை சட்டியோடு குடி வந்துவிட்டது. மாட்டை அண்ணன் மகனுக்குக் கொடுத்தார்கள். பயணம் போகிறவர்களுக்குத் தோட்டத்தில் விருந்து வைத்து அனுப்புவது வழக்கம்.

"கெடா வெட்டிச் சமைச்சாங்கம்மா. லயத்து லயமா கூப்ட்டுக் கூப்ட்டு சோறு போட்டாங்க. தப்பு அடிச்சாங்க. எல்லாத்துக்கும் மால போட்டாங்க. இனி எப்ப பாப்போம்னு கட்டிப் புடிச்சு ஒப்பாரி வச்சாங்க. என் சேக்காளி அவன் கல்யாண வேட்டியவே அவுத்து என் கையில குடுத்துட்டான். எனக்கு ஆகாதவன் ஒருத்தன், வருசக்கணக்கா பேசாதவன், அவன்கூட கையப் புடிச்சு அழுதான்."

"அப்புறம்?"

"லாரி பாலத்தடிக்கு வரும்னாங்க. மாலையோட எறங்கி வந்தோம். லாரி வரல. பொழுது சாயிற நேரம் ஆபீசு கிளாக்கர் ஐயா வந்தாரு. வடக்க சண்ட, கப்பல் நின்னு போச்சு, இப்ப பயணம் இல்ல, எல்லாரும் திரும்பிப் போங்கன்னாரு." மாமா என்னைப் பார்த்தார். "எப்பிடிம்மா போறது? அழுது முடிச்சவங்க மொகத்துல போய் எப்பிடி முழிக்கிறது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. கிடா கறி தின்று, அழுகை வாங்கி, மாலை போட்டுக்கொண்டு, மறுபடி அதே லயத்து வாசலில் போய் "கப்பல் வரலைங்க" என்று நிற்பதா? வேட்டியைத் திருப்பிக் கேட்டால்? ஆகாதவன் மறுபடி ஆகாதவனாகிவிட்டால்? என்னால் அதை அப்படியே நினைத்துப் பார்க்க முடிந்தது. எங்கள் ஆட்கள் பட்டினி கிடந்தாலும் கிடப்பார்கள், அந்த மானக்கேட்டுக்கு நிற்க மாட்டார்கள்.

கப்பல் வரும்வரைக்கும் என்று ஆற்று மடிப்பில் ஒதுங்கியிருக்கிறார்கள். முதல் குடும்பம் ஆற்றுக் கல்லையும் மண்ணையும் வைத்து ஒரு குடிசை எழுப்பியது. அடுத்த குடும்பம் அந்தச் சுவரிலேயே சாய்த்துக் கட்டியது. "போறவனுக்கு எதுக்கும்மா நாலு சுவரு? மூணு போதும்னு கட்டினோம்" என்றார் மாமா. அடுத்தவர் அதில் சாய்க்க, அடுத்தவர் அதில் சாய்க்க, எல்லாருமே போகிறவர்களாக இருந்ததால் அது லயமாகிவிட்டது. கப்பல் வரவே இல்லை. பிள்ளைகள் வளர்ந்தன. பிறகு போக மனசும் இல்லை.

"இந்தியாவ நான் கண்ணால பாத்ததில்லம்மா. பொறந்தது மேல, பொழைக்கிறது கீழ. எழுதிக் குடுத்தவன்னு தெரிஞ்சா என்னைக்கு வேணும்னாலும் புடிச்சு அனுப்புவாங்கன்னு பயம். பாஸ்போட்ட ஒங்க அத்த அப்புறம் ஒரு நாளு அடுப்புல வச்சு கஞ்சி காய்ச்சிட்டா. யாரு கேட்டாலும் பணிய லயத்து ஆளுங்கன்னு சொல்லுவோம்னு எல்லாரும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிக்கிட்டோம். பின்னால தெரிஞ்சுக்கிட்ட மேலத்து ஆளுங்களும் வாயத் தொறக்கல."

பஸ் ஒத்துக்காததும் முழங்கால் வலியும் காக்கிச் சட்டைக்குக் குனிந்ததும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனுசர் மகன் கல்யாணத்துக்கு வராமல் இந்தப் பாறையில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"இப்ப சொல்லும்மா" என்றார். "லயம்னு சொன்னா மேல ஏத்திடுவாங்க. உண்மையச் சொன்னா கப்பல்ல ஏத்திடுவாங்க. என்ன சொல்றது?"

சட்டம் ஏதோ மாறிவிட்டதாக ரேடியோவில் அரைகுறையாகக் கேட்டிருந்தேன். ஆனால் அதை நம்பி வயசான ஒருவரைப் போய்ச் சொல்லுங்கள் என்று தள்ளிவிட முடியுமா? தப்பாகிப் போனால் வீட்டுக்காரர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? "உங்க இஷ்டம் மாமா, நீங்க என்ன சொன்னாலும் சரி" என்றேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட ஒரே நாள் அதுதான் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்.

அதிகாரி அம்மா சொன்ன நாளில் வந்தார். கூடவே கிராம சேவகர். எங்கள் இஸ்தோப்பில் நாற்காலி போட்டோம். "எனக்குச் சீனி போடாதேங்கோ" என்று தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார். ஊரே கூடிவிட்டது. அக்கரையில் வயல் வேலையில் இருந்தவர்களும் வேடிக்கை பார்க்க மரப்பாலம் தாண்டி வந்துவிட்டார்கள்.

"இது தோட்டத்தின்ர லயம் எண்டு சர்வேயர் சொல்லுறார். நீங்களே அப்பிடித்தான் சொல்லியிருக்கிறியள். இப்ப இந்த டீச்சர் வந்து இல்லை எண்டு சொல்லுறா. எது உண்மை?"

கடைசி வீட்டுத் தாத்தாவுக்குக் காது கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தி பேனைப் பார்ப்பதுபோல் பேத்தி தலையைக் கிண்டினாள். சரி, போச்சு, ஆட்டுப் புழுக்கையை அள்ளிப்போட்டுவிட்டு அந்த லயத்தை எப்படிக் கூட்டுவது என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

மாமா எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நாங்க கட்டினதுதாம்மா. இந்தியாவுக்குப் போக எழுதிக் குடுத்தோம். கப்பல் வரல. அதான் இங்க ஒதுங்கினோம்." மகன் நின்ற பக்கம் கையைக் காட்டினார். "அனுப்புறதுன்னா என்னைய மட்டும் அனுப்புங்க. புள்ளைங்க சின்னதுங்க அப்போ, அதுகளுக்கு ஒன்னும் தெரியாது. அதுக இங்கனயே இருக்கட்டும்."

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அதிகாரி அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "ஐயா, முதல்ல இருங்கோ" என்றார். மாமா உட்காரவில்லை. "நீங்கள்தான் கட்டினது எண்டதுக்கு ஆரும் சாட்சி இருக்கினமோ?"

அதற்கு நாங்கள் யாரையும் தயார் செய்திருக்கவில்லை. கிராம சேவகர் அக்கரைக்காரர்கள் பக்கம் திரும்பி, சிங்களத்தில் கேட்டார். அந்தக் கூட்டத்தில் மாமாவிடம் பாகற்காய் வாங்குகிற ஒரு வயசான அம்மா இருந்தார். கேட்டதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஞாபகமில்லாமலா, என்றார். அன்றைக்கு அவர்கள் வயலில் நெல்லுச் சூடு மிதித்துக்கொண்டிருந்தார்களாம். கழுத்தில் மாலையோடு ஒரு கூட்டம் மலையிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்து, கல்யாண ஊர்வலம் என்று நினைத்தார்களாம். பொண்ணு மாப்பிள்ளையைத் தேடினால் எல்லாருமே மாப்பிள்ளையாம். மாலையோடு உட்கார்ந்து எல்லாரும் அழுததைப் பார்த்து, இது என்ன கல்யாணம் என்று பயந்துபோய் யாரும் கிட்ட வரவில்லையாம். பிறகு மழை பிடித்ததும் தன் புருசன்தான் போய்க் காவல் குடிசையில் பிள்ளைகளைப் படுக்க வைத்தார் என்றார். கல் தூக்கியதும் மண் மிதித்ததும் எல்லாம் தன் கண்முன்னால் என்றார். தோட்டத்து ஆட்கள் ஒருவர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று கடைசியில் அவரே கோபமாகச் சொன்னார்.

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை, அதிகாரி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இது லயம் இல்லை" என்றார் அவர் கிராம சேவகரிடம். பிறகு மாமாவிடம் திரும்பினார். "ஐயா, அந்தக் கதையெல்லாம் எப்பவோ முடிஞ்சுது. போகாமல் நிண்ட ஆக்களுக்கு இஞ்சயே பிரசாவுரிமை எண்டு சட்டமே வந்திட்டுது. உங்களை ஒருத்தரும் அனுப்பேலாது. இவ்வளவு காலமும் நீங்கள் சும்மா பயந்திருக்கிறியள். இந்த இடத்தை விட்டும் உங்களை எழுப்ப நான் விடமாட்டன்."

மாமாவுக்கு அந்தப் பேச்சு பிடிபடவில்லை. என்னைப் பார்த்தார். "என்னம்மா சொல்றாங்க?"

தமிழைத் தமிழுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். "ஒங்கள யாரும் அனுப்ப மாட்டாங்களாம் மாமா. இங்கயே இருக்கலாமாம்."

"எத்தன நாளைக்கு?"

"சாவுற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்ல காரியத்தில் என்ன வாய் என் வாய்! ஆனால் மாமா முகம் மலர்ந்துவிட்டது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்தார். மாமியார் சத்தமாக அழுதார். கடைசி வீட்டுத் தாத்தாவுக்கு உடனே காது கேட்க ஆரம்பித்துவிட்டது. "நானும் எழுதிக் குடுத்தவந்தாங்க, நானும் எழுதிக் குடுத்தவந்தாங்க" என்று கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார், நிவாரணம் கொடுக்கிற இடத்தில் பேர் கொடுக்கிறவர் மாதிரி.

பிறகு ஒரே சத்தம். அதிகாரி அம்மா சிரித்துக்கொண்டே, ஊருக்கு என்ன வேண்டும் என்று மனுப் போடுங்கள், தன்னால் முடிந்ததைச் செய்வதாகச் சொன்னார். கரண்ட் என்றார்கள். பாதை என்றார்கள். மரப்பாலத்துக்குக் கைப்பிடி என்றாள் சித்தி. நான் முன்பள்ளிக்கு ஒரு கட்டடம் என்று கத்தினேன். மாமா தரையில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்.

"அப்ப செத்தா, எங்களுக்குன்னு ஒரு எடம் வேணும்மா. பொதைக்கிறதுக்கு."

எனக்கு எரிச்சல் வந்தது. "மாமா, மொதல்ல கரண்டக் கேளுங்க!" என்றேன்.

அடுப்படியை விட்டு வெளியே பேசாத என் மாமியார் அன்றைக்கு எல்லார் முன்னாலும் என்னை அதட்டினார். "நீ சும்மா இரு. அவரு கேக்கறதுதான் சரி."

எங்கள் ஊருக்குச் சுடுகாடு கிடையாது. போகிறவர்கள் தானே, எதற்குச் சுடுகாடு? யாராவது செத்தால், மகன் சட்டையை மாட்டிக்கொண்டு மேலே தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். துரை வரும்வரைக்கும் நிற்பான். உங்கள் ஆள் இல்லையென்றாலும் ஒரு ஓரத்தில் இடம் கொடுங்கள் என்று கேட்பான். கொடுப்பார்கள், கொடுக்காமல் இருந்ததில்லை. ஆனால் பிணத்தை வீட்டில் போட்டுவிட்டு அப்படிப் போய் நிற்கிற அந்த நேரம் இருக்கிறதே! மாமா அப்படித் தன் அப்பாவுக்கும் நின்றிருக்கிறார், தங்கச்சிக்கும் நின்றிருக்கிறார்.

அதிகாரி அம்மா எழுந்து, "வாங்கோ, இடத்தைக் காட்டுங்கோ" என்றார். மாமா முன்னால் நடந்தார். ஆற்றுக்கு மேல்புறம், வெள்ளம் ஏறாத மேட்டில், மருத மரத்தடியைக் காட்டினார். ரொம்ப நாளாகப் பார்த்து வைத்திருந்த இடம்போல் நேராக அங்கேதான் போனார்.

மின்சார நிலையத்தை ஆற்றில் இன்னும் கீழே தள்ளிக் கட்டினார்கள். மருத மரத்தடியை எங்களுக்கே எழுதிக் கொடுத்தார்கள். கரண்டும் வந்தது, கொஞ்சம் சுணங்கித்தான் வந்தது. மாமா ஐடென்டிகார்ட் எடுத்தார். எடுத்த கையோடு பதுளைக்கு பஸ் ஏறினார். வாந்தி கீந்தி ஒன்றும் வரவில்லை. ஜன்னலோர சீட்டுக்குப் பேரனோடு சண்டை போட்டார். தேருக்குப் போனார், ஓட்டுப் போட்டார், பூனாகலைக்குப் போய் எங்கப்பாவுடன் ஒரு வாரம் இருந்து பழைய மனத்தாங்கலைத் தீர்த்துவிட்டு வந்தார். வாயே திறக்காதவர் இப்போது வாயை மூடவில்லை. மாலை கதையைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு காலையில், தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அழுது முடித்து, ஆக வேண்டியதைப் பார்க்க ஆம்பளைகள் எழுந்தார்கள். என் வீட்டுக்காரர் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மலைப் பாதையில் ஏறத் தொடங்கினார். எங்கே போகிறார் என்று நான் வாசலில் நின்று பார்த்தேன். தேயிலைக்குள் பாதி தூரம் போனவர் நின்றார். பிறகு சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"கேக்கப் போனேன்" என்றார் என்னிடம். "யாரையும் கேக்க வேண்டியதில்லல்ல?"

"இல்லங்க" என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மருத மரத்தடிக்குப் போனார்.